பூரணியும் அக்காவும் மலிவு விமானங்களும்

பூரணி நாற்பது வயது வரைக்கும் தாளில் இந்தியாக்காரி. இந்தியாவைப் பார்த்ததில்லை. அவளுடைய அக்கா அம்மாக்கண்ணு கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இலங்கைக்காரி. இரண்டு பேரும் பிறந்தது மஸ்கெலியாப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில், ஒரே காம்பரா அறையில்.

நடந்தது இதுதான். தோட்டத்து ஆட்களை இந்தியாவும் இலங்கையும் பங்கு பிரித்துக்கொண்ட காலம். அப்பா எழுபதாம் வருஷம் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்தார். பாஸ்போர்ட்டும் வந்தது. அம்மாக்கண்ணு கட்டிக்கொண்ட ஆள் இங்கேயே இருப்பதாக எழுதிக் கொடுத்தவர். ஆகவே அவள் அந்தப் பக்கம் சேர்ந்தாள். மற்றவர்கள் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். எண்பத்து நாலில் கப்பல் நின்றது. அப்பா அந்தப் பாஸ்போர்ட்டைத் தகரப்பெட்டியில் வைத்துவிட்டு வேலைப் பெரட்டுக்குப் போனார். பத்து வருஷம் கழித்து அவர் செத்தார். பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியாகியிருந்தது.

பூரணியின் புருசன் செல்லசாமி சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் சீசனுக்குச் சீசன் டீக்கடை போட்டவன். ஒரு மழைக்காலத்தில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். அங்கே இன்னொரு குடும்பம் அமைந்துவிட்டது. டீக்கடை பூரணியிடம் நின்றது. அவள் அதற்குப் பின்னால் தகரக் கூரை போட்டு இரண்டு அறை கட்டினாள். மலை ஏற வரும் வெள்ளைக்காரர்கள் தங்கினார்கள். அவர்களுக்கு ரொட்டியும் சம்பலும் போட்டுக் கொடுத்தே பூரணி இங்கிலீசு பேசக் கற்றுக்கொண்டாள். இலக்கணம் அவர்களுக்கும் சரியாக இல்லாததால் யாருக்கும் சிரமம் இல்லை.

அவர்கள் மலை இறங்கி வந்து கால் வலியோடு உட்கார்ந்து பேசுவது பெரும்பாலும் விமானத்தைப் பற்றித்தான். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு, எந்தக் கெழமை மலிவு, எங்கே இறங்கி எங்கே மாறினால் பாதிக் காசு. ஆறு மாதம், எட்டு மாதம் என்று ஊர் சுற்றுகிற ஆட்கள். ஓர் அயர்லாந்துக்காரன் சொன்னது பூரணிக்குப் பிடித்திருந்தது. போக நினைக்கிற ஊருக்கு டிக்கெட் தேடக் கூடாது, மலிவாகக் கிடைக்கிற ஊருக்குப் போய்விட்டு அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றான் அவன். மரக்கறி வாங்கும்போது தானும் அப்படித்தானே செய்கிறோம் என்று பூரணி நினைத்தாள்.

ஒருநாள் ஒரு டச்சுக்காரப் பெண், "நீங்கள் எங்கெல்லாம் போயிருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். ஹட்டன், கண்டி, செல்லசாமி விஷயமாகக் கோட்டுக் கேசுக்கு ஒருதரம் கொழும்பு என்று பூரணி சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தாள். பூரணிக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ரொம்ப நாள் கழித்து, படுக்கை விரிப்பை அலசிப் பிழியும்போது, அவ்வளவுதானா என்று தோன்றியது. பிழிந்த விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

இரண்டாயிரத்து மூன்றில் சட்டம் மாறி, அவளைப் போன்றவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. அடையாள அட்டை எடுத்தாள். பிறகு பாஸ்போர்ட்டும் எடுத்தாள். எதற்கு என்று கிராம சேவகர் கேட்டதற்கு, "எல்லாரும் வச்சிருக்காங்க" என்றாள்.

இரண்டாயிரத்து ஆறில் சண்டை மறுபடி தொடங்கியது. வெள்ளைக்காரர்கள் வருவது குறைந்தது. அந்தச் சீசனில் பல நாள் இரண்டு அறையும் சும்மா கிடந்தன. பூரணிக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. மே மாத வெசாக் முடிந்தால் நல்லதண்ணியில் கடைகளைப் பிரித்துவிடுவார்கள். திசெம்பர் பௌர்ணமிப் போயா வரைக்கும் மழையும் அட்டையும்தான். வருகிறவர்கள் வரவில்லை என்றால் நாம் போய்ப் பார்க்கலாம் என்று முடிவு செய்தாள். சீட்டுக் காசு கைக்கு வந்திருந்தது. டச்சுக்காரப் பெண் ஜிப் போய்விட்டது என்று விட்டுப்போன பெரிய முதுகுப்பையும் இருந்தது. ஜிப்பை ஹட்டனில் மாற்றினாள்.

ஹட்டன் பஜாரில் விஜேந்திரன் ஒரு கம்யூனிகேஷன் கடை வைத்திருந்தார். அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாகப் பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பம். இவர் மட்டும் துணி பிடிக்காமல் டெலிபோன், போட்டோகாப்பி, இரண்டு கம்ப்யூட்டர் என்று ஒதுங்கியவர். பூரணி ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, தனக்கு மலிவாக விமான டிக்கெட் பார்க்க வேண்டும் என்றாள்.

"குவைத்தா அக்கா? சவூதியா?"

"சுத்திப் பாக்கங்க, மொதலாளி. நாலஞ்சு மாசம். நாலஞ்சு ஊரு."

விஜேந்திரன் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடையில் அன்று வேறு ஆளும் இல்லை.

கம்ப்யூட்டர் முதலில் எங்கிருந்து என்று கேட்டது. கொழும்பு என்று அடித்தார். எங்கே என்று கேட்டது. "எது மலிவோ அது" என்றாள் பூரணி. அதற்கு அதில் இடமில்லை. அவரே ஊர் ஊராக அடித்துப் பார்த்தார். திரும்பி வரும் தேதியும் கேட்டது.

"திசெம்பர் போயாவுக்கு முன்ன."

"அப்படி ஒரு பொத்தான் இல்லக்கா."

அன்று தொடங்கி, சந்தைக்கு வரும் நாளெல்லாம் அவள் அங்கே வந்தாள். கொஞ்ச நாளில் இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் பிடிபட்டது. வெள்ளைக்காரர்கள் விலையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். பூரணி முதலில் எந்த நாடு உள்ளே விடும் என்று பார்க்க வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் விலை. மலிவான டிக்கெட் நிறைய இருந்தன. அதில் பாதி, அவளுடைய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், அந்த விசாவுக்கு அவளிடம் இல்லாத ஏதோ ஒரு கடிதம் வேண்டும் என்ற ஊர்களுக்கு. மலேசியாவை மூன்று முறை சேர்த்து மூன்று முறை நீக்கினார்கள்.

கடைசியில் வழி இப்படி வந்தது. கொழும்பிலிருந்து திருச்சி. அங்கிருந்து ரயிலிலேயே மெதுவாகக் கல்கத்தா. கல்கத்தாவிலிருந்து பாங்கொக் பறப்பது கொழும்பிலிருந்து பறப்பதைவிட நல்ல மலிவு. பாங்கொக்கிலிருந்து சிங்கப்பூர், சாப்பாடும் தண்ணியும் கொடுக்காத புதுக் கம்பெனி ஒன்றில், ஏறக்குறைய பஸ் காசு. சிங்கப்பூரிலிருந்து மறுபடி திருச்சி, அங்கிருந்து வீடு. எல்லாம் தனித்தனி டிக்கெட். ஒன்று தவறினால் அடுத்த கம்பெனிக்காரன் காத்திருக்க மாட்டான், காசும் திரும்பாது. வழியை விஜேந்திரன் ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டுப் பார்த்தார். சுற்றிப் போன கோடு.

"நேரா போயிருந்தா சீக்கிரம் வந்திருக்கலாம்" என்றார்.

"சீக்கிரம் வர்றதுக்கா போறேன்?"

காசு கட்ட கடனட்டை வேண்டியிருந்தது. விஜேந்திரனிடம் ஒன்று இருந்தது. பேங்க் மேனேஜரின் முகத்துக்காக வாங்கியது, உறை பிரிக்காமல் மேசை லாச்சியில் கிடந்தது. பூரணி காசை எண்ணி மேசையில் வைத்த பிறகும், எண்ணை அடித்து முடித்த பிறகும், அவர் கடைசிப் பொத்தானை அழுத்தாமல் இருந்தார்.

"அக்கா, திரும்பி வருவீங்கதானே?"

"கடை இங்கதானே இருக்கு."

அழுத்தினார். அது அவருடைய வாழ்க்கையிலும் முதல் விமான டிக்கெட்.

விஷயத்தை அக்காவிடம் சொல்லத்தான் பூரணிக்குத் தயக்கமாக இருந்தது. அம்மாக்கண்ணு புருசனை இழந்தவள். கொழுந்து எடுத்து பென்ஷன் வயதை நெருங்கியவள். அந்தக் குடும்பத்தில் விமானம் ஏறிய ஒரே ஆளும் அவள்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாலு வருஷம் குவைத்தில் வீட்டு வேலைக்கு இருந்தாள். வந்த காசில் மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தது. குவைத் எப்படி என்று யார் கேட்டாலும், "பெரிய சட்டிங்க" என்று மட்டும் சொல்லுவாள். கழுவியது அதைத்தான். அந்த வீட்டு வாசலைத் தாண்ட அவளை விட்டதில்லை.

பூரணி சொல்லி முடித்ததும் அம்மாக்கண்ணு முறத்தைக் கீழே வைத்தாள்.

"எந்த ஏஜென்சிடி?"

"ஏஜென்சி இல்லக்கா. சும்மா போறேன்."

"சும்மா போனா அங்க யாரு சோறு போடுவா?"

"காசு குடுத்து வாங்கித் தின்னுவேன்."

"எந்த வீட்டுல இருப்ப?"

"வீடு இல்ல. நம்ம ரூம் மாதிரிதான், ஒவ்வொரு ஊர்லயும் ரூம் இருக்கும். பிடிக்கலைன்னா அடுத்த ஊருக்குப் போயிருவேன்."

அம்மாக்கண்ணு முறத்தை எடுத்து அரிசியைப் புடைத்தாள். கல் பொறுக்கினாள். பூரணி எழுந்து கிளம்பும்போது, "வெளிய போவ விடுவாங்களா?" என்று கேட்டாள்.

"யாருக்கா?"

"யாருமே இல்லைங்கிறியே. அதான் கேக்குறேன்."

"யாரும் இல்ல. காலையில எந்திரிச்சுப் போனா அந்திக்கு வரலாம்."

"எனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொல்லு" என்றாள் அம்மாக்கண்ணு. "பாஸ்போர்ட்டு செத்துப்போச்சு. புதுசு எடுக்கணும்."

இரண்டாவது டிக்கெட் முதலாவதைவிட விலை ஏறியிருந்தது. இதற்கு ஏன் இந்த வித்தியாசம் என்று விஜேந்திரனுக்கு விளங்கவில்லை. ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை என்றார். பூரணி, "சீசன்ல நானும் அப்படித்தான்" என்றாள்.

இந்திய விசாவுக்குக் கண்டிக்குப் போனார்கள். விண்ணப்பத்தைப் பூரணியே நிரப்பினாள். எத்தனை முறை உள்ளே போவது, ஒருமுறையா பலமுறையா என்று ஒரு கேள்வி இருந்தது. போவது ஒரே பயணம்தானே என்று ஒருமுறைக்கு அடையாளம் போட்டாள். அக்காவுக்கும் அப்படியே போட்டாள்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அலுவலர் தமிழ்க்காரர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அப்பாவின் பழைய பாஸ்போர்ட் எண்ணைப் பார்த்து நிமிர்ந்தார்.

"உங்க அப்பா இந்தியப் பிரஜையா?"

"ஆமாங்க."

"நீங்க?"

"நானும்தாங்க. நாலு வருஷத்துக்கு முன்ன வரைக்கும்."

அவர் அம்மாக்கண்ணுவைப் பார்த்தார். "இவங்க?"

"கூடப் பொறந்த அக்காங்க. அவங்க இலங்கை."

அவர் இரண்டு விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்தியப் பிரஜையா இருந்தப்ப ஒருதடவைகூட இந்தியா வரலையா?"

"கப்பல் நின்னுருச்சுங்க."

"இப்ப எதுக்கு வர்றீங்க?"

"பாங்கொக் போற வழிங்க" என்றாள் பூரணி.

விசா கிடைத்தது. தாய்லாந்து விசாவுக்குக் கொழும்பு போனபோது, தொழில் என்ற இடத்தில் ஹோட்டல் உரிமையாளர் என்று விஜேந்திரன் அடித்துக் கொடுத்திருந்தார். அங்கே அவளை உட்காரச் சொன்னார்கள்.

ஜூன் மாதம் புறப்பட்டார்கள். விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடையாள அட்டையைப் பல இடத்தில் காட்ட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அது வழக்கம். விமான நிலையத்துக்குள் ஓர் அதிகாரி இருவரையும் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கி நிறுத்தினார். தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர், ஆண் துணை இல்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பீரோவில் பதிந்த தாள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். வேலைக்குப் போகவில்லை என்று பூரணி சிங்களத்திலேயே சொன்னாள். டிக்கெட் எல்லாவற்றையும் எடுத்து நீட்டினாள். அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திருச்சி, கல்கத்தா, பாங்கொக், சிங்கப்பூர், மறுபடி திருச்சி. இப்படி எந்த ஏஜென்சியும் ஆள் அனுப்பியதாக அவருக்கு நினைவில்லை.

"யார் உங்களை அனுப்புவது?"

"யாரும் இல்லை ஐயா."

"அங்கே யார் வந்து கூட்டிப்போவார்?"

"யாரும் இல்லை ஐயா."

"அப்படியென்றால் போய் என்ன செய்வீர்கள்?"

அம்மாக்கண்ணு முன்னால் வந்தாள்.

"ஐயா, நான் குவைத்தில் நாலு வருஷம் வேலை செய்தவள். வேலைக்குப் போகும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு இதே இடத்தில் அழுதுகொண்டு நின்றேன். இப்போது அழுகிறேனா?"

அதிகாரி அவள் முகத்தைப் பார்த்தார். அழவில்லை. முதுகில் டச்சுக் கொடி தைத்த பையும் காலில் புதுச் சப்பாத்துமாக நின்றாள். அவர் பெரியவர் ஒருவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, டிக்கெட்டுகளை அடுக்கிக் கொடுத்தார். தனக்கும் ஒருநாள் சிங்கப்பூர் பார்க்க ஆசை என்றும் சொன்னார்.

போன இடத்தில் எல்லாம் நடந்ததைச் சொன்னால் நீளும். திருச்சியில் எல்லாரும் தங்களைப் போலவே பேசுவது இருவருக்கும் ஆச்சரியமாக இருந்தது. "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டவர்களுக்கு நல்லதண்ணி என்றார்கள். அது எந்தத் தாலுக்கா என்று கேட்டார்கள். ரயிலில் ஊர் ஊராக இறங்கி, பிடித்த ஊரில் தங்கி, பிடிக்காத ஊரில் ஏறி, கல்கத்தா சேர்ந்தார்கள். பாங்கொக்கில் ஒரே அறையில் எட்டுப் பேர் மாடிக்கட்டிலில் படுக்கும் விடுதி. எல்லாம் இளசுகள். அம்மாக்கண்ணு மேல் கட்டிலைத்தான் கேட்டாள். விடியும் முன்னே எழுந்து, லயத்தில் பழகியபடி, எட்டுப் பேரின் செருப்பையும் வரிசையாக அடுக்கி வைத்தாள். மூன்றாம் நாள் பூரணி, "அக்கா, நாம காசு குடுத்துருக்கோம்" என்றாள். அதற்குப் பிறகு அடுக்கவில்லை. ஆனால் தாண்டிப் போகும்போது பார்த்துக்கொண்டே போவாள். மலேசியா காலுக்குக் கீழே போனது. சன்னலோரம் இருந்த பூரணி, பச்சையாக இருக்கிறது என்றாள்.

சிங்கப்பூரில் எல்லாம் சரியாக நடந்தது, கிளம்பும் நாள் வரைக்கும்.

விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் தமிழச்சி. பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அம்மா, உங்க இந்திய விசா ஒருமுறைக்குத்தான். ஏற்கனவே போய் வந்துட்டீங்க. ஏத்த முடியாது."

பூரணிக்குக் கண்டியில் தான் போட்ட அடையாளம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குப் பிறகு நாலு மாதத்துக்கு மேல் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றியிருக்கிறாள். ஒருதரம்கூட அந்தச் சொல்லைப் படிக்கவில்லை. விமானம் போனது. அதற்கு அடுத்த டிக்கெட்டும் அதோடு போனது. பூரணி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு காசு போடும் டெலிபோனிலிருந்து ஹட்டனுக்குப் போன் போட்டாள். விஜேந்திரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நானும் பாக்கலையேக்கா" என்றார். கடனட்டை கையிலேயே இருக்கிறது என்றும் சொன்னார்.

மறுபடி இந்திய விசாவுக்கு அந்த ஊரிலேயே விண்ணப்பம் போட்டார்கள். ஒரு வாரத்துக்குக் கிட்டக் காத்திருக்க வேண்டியிருந்தது. பூரணி அந்த நாட்களில் நல்ல மூடில் இல்லை. தன் முட்டாள்தனத்துக்கு வாடகை கட்டுகிறோம் என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாக்கண்ணு காலையில் பிளேன்டீ குடித்துவிட்டுச் சப்பாத்தை மாட்டுவாள். நடக்கத் தொடங்குவாள். கடைத்தெரு, பாலம், ஆற்றங்கரை, கடற்கரை. ஒன்றும் வாங்க மாட்டாள், எங்கேயும் உட்கார மாட்டாள். அந்திக்குத்தான் திரும்புவாள். பூரணி பின்னாலேயே போவாள். இரண்டாம் நாள் அவளுக்குக் கால் வீங்கியது.

"அக்கா, எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல."

"பின்ன உக்காரலாமே."

அம்மாக்கண்ணு நின்றாள். கடலில் கப்பல்கள் நிறைய நின்றன. "அந்த வீட்டுல சன்னல் வழியா ஒரு ரோடு தெரியும்டி. கார் போவும், வரும். நாலு வருஷம் பாத்தேன். அந்த நடையெல்லாம் பாக்கி கெடக்கு. நீ வேணா உக்காரு."

பூரணி உட்காரவில்லை. அதற்குப் பிறகு டிக்கெட்டைப் பற்றியும் பேசவில்லை. குவைத்தில் அக்கா என்ன வேலை செய்தாள் என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த நாலு வருஷம் அக்கா என்ன பார்த்தாள் என்று அதுவரை பூரணி கேட்டதில்லை. அன்று கேட்டாள். அம்மாக்கண்ணு நடந்துகொண்டே சொன்னாள். சொல்ல நிறைய இருந்தது.

விசா வந்தது. விஜேந்திரன் புதிதாகப் போட்ட டிக்கெட்டில் ஒக்டோபர் கடைசியில் வீடு வந்து சேர்ந்தார்கள். பூரணி கடனை அந்தச் சீசனிலும் அடுத்த சீசனிலுமாக அடைத்தாள். லயத்தில் அம்மாக்கண்ணுவிடம், இந்தத் தடவை எவ்வளவு கொண்டு வந்தாய் என்று கேட்டார்கள். ஒன்றும் கொண்டு வரவில்லை, கொண்டு போனதும் முடிந்துவிட்டது என்றாள். ஏமாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று ஆறுதல் சொன்னார்கள்.

விஜேந்திரன் கடைக்கு வெளியே விமான டிக்கெட் எடுத்துத் தரப்படும் என்று போர்டு வைத்தார். வருகிறவர்கள் அநேகமாகக் குவைத்துக்கும் கட்டாருக்கும் போகிறவர்கள். அவர்களுக்கு ஒருவழி டிக்கெட் போதும். சில நாள் மாலையில், யாரும் இல்லாதபோது, அவர் தனக்காக ஊர் ஊராக அடித்துப் பார்ப்பார். கடைசிப் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை.

சண்டை முடிந்த வருஷம், மழைக்காலத்தில், அக்காவும் தங்கையும் நேபாளம் போனார்கள். பனிமலை தெரியும் என்று சொன்ன ஊரில் அறை எடுத்தார்கள். தங்கியிருந்த நாளெல்லாம் மேகம். மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக இருந்தது. விடுதிக்காரர், நேரம் சரியில்லை, திசெம்பரில் வர வேண்டும் என்று வருத்தப்பட்டார். திசெம்பரில் தனக்கு வேலை இருக்கிறது என்றாள் பூரணி.

அம்மாக்கண்ணு சால்வையைப் போர்த்திக்கொண்டு, அந்த மேகத்துக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இங்க ஒண்ணும் தெரியலையே. வேற ஊருக்குப் போவோமா?"

"இருடி" என்றாள் அம்மாக்கண்ணு. "டீ சொல்லு. நல்லா இருக்கு."